இருபது கிலோமீட்டர் டைம் டிரையல்: அந்த ஒரு நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது?

டைம் டிரையல் என்பது கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டும் சைக்கிள் போட்டி. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 20 கிலோமீட்டரை 33 நிமிடம் 20 விநாடியில் முடிப்பவர் மணிக்குச் சரியாக 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். விநாடிக்கு 10 மீட்டர். அதை 32:20 ஆக்க வேண்டுமென்றால் வேகம் 37.1 ஆக வேண்டும். ஒரு கிலோமீட்டர்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்காக இரண்டு வருடம் உழைத்தும் பிபி (பெர்சனல் பெஸ்ட், அவரவரின் சிறந்த நேரம்) அசையாமல் நிற்பவர்கள் இந்தச் சாலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குறை இல்லை. அந்த நிமிடத்தைக் காலில் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் தோளிலும் கழுத்திலும் முதல் மூன்று நிமிடத்திலும் இருக்கிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, சமதளம், காற்று இல்லை, சுமாரான தார்ச்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 கிலோமீட்டர் வேகத்தில் பெடலில் 233 வாட் வேண்டும். அதில் ஏறக்குறைய 186 வாட் காற்றைத் தள்ளவே போகிறது. 39 வாட் டயர் உருளுவதற்கு. மீதி 7, 8 வாட் செயினிலும் பேரிங்கிலும் கரைகிறது. அதாவது நீங்கள் மிதிக்கும் ஐந்து மிதியில் நான்கு காற்றுக்கு. இங்கே நான் எடுத்துக்கொண்ட இழுவைப் பரப்பு, சைக்கிள்காரர்கள் சிடிஏ என்று சொல்வது, 0.32 சதுர மீட்டர். ஹுட்ஸில் (பிரேக் லீவரின் மேலுள்ள ரப்பர் பிடி) கைவைத்துச் சற்றே குனிந்து ஓட்டுபவருக்கு இது வழக்கமான அளவுதான்.

இந்த 0.32-ஐ 0.29 ஆக்கினால் அதே 233 வாட்டில் 32:20 வந்துவிடும். 0.32-லேயே இருந்துகொண்டு அதே நேரம் வேண்டுமென்றால் 252 வாட் மிதிக்க வேண்டும். கூடுதலாக 19 வாட். நன்றாகப் பயிற்சி எடுத்துவரும் ஒருவர் அந்த 19 வாட்டைக் கூட்ட மாதங்கள் ஆகும். 0.03 சதுர மீட்டரைக் குறைக்கச் சில வாரங்கள் போதும்.

எடை பற்றியும் சொல்லிவிடலாம், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது அங்கேதான். சமதளத்தில் ஒரு கிலோ குறைந்தால் மிச்சமாவது அரை வாட். 20 கிலோமீட்டருக்கு இரண்டு விநாடிகூட இல்லை. கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ ஏறுவதென்றால் கதை வேறு. கடற்கரைச் சாலையில் டைட்டானியம் போல்ட் வாங்குவதில் பயன் இல்லை. இந்த வேகத்தில் ஒரு வாட் மிச்சமானால் மூன்று விநாடி கிடைக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதை வாங்கும்போதும் மாற்றும்போதும் இந்த அளவுகோல் போதும்.

உட்காரும் விதம்

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். ஏரோ பாரில் (முன்கைகளைச் சாய்த்துவைக்கும், முன்னே நீண்ட பிடி) கைகளை ஒடுக்கி, ஏரோ ஹெல்மெட் போட்டு ஓட்டினார். முன்னிலையில் இருந்த லாரன் ஃபினோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி பறக்க ஓட்டினார். லெமாண்ட் அன்று அவரை 58 விநாடி முந்தி, மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடியில் வென்றார். முழங்கையை எங்கே வைப்பது என்ற கேள்வி அன்றைக்குப் பிறகு லேசான கேள்வியாக இல்லை.

உங்கள் போட்டியில் ரோடு பைக் பிரிவில் ஏரோ பார் அனுமதியா என்பதை முதலில் விதித்தாளில் பாருங்கள். பல உள்ளூர்ப் போட்டிகளில் ஏரோ பார் வைத்தால் தனிப் பிரிவுக்குப் போய்விடுவீர்கள். அனுமதி இல்லை என்றால் கவலை வேண்டாம். ஹுட்ஸைப் பிடித்தபடி முழங்கையைக் கிட்டத்தட்ட 90 டிகிரிக்கு மடக்கி, முன்கை தரைக்கு இணையாக வரும்படி உட்காருங்கள். கை நீட்டி டிராப்ஸை (ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதி) பிடிப்பதைவிட இது பெரும்பாலானவர்களுக்கு வேகமானது. டிராப்ஸில் கை நேராக இருந்தால் இரண்டு கைகளும் நெஞ்சும் சேர்ந்து காற்றை அள்ளும் முறம் மாதிரி ஆகிவிடும். ஆனால் ஏரோ பார் இல்லாமல் ஹேண்டில்பாரின் மேல் முன்கையைப் படுக்கப்போட்டு ஓட்டுவதை சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 2021-ல் தடை செய்தது. உள்ளூரில் அனுமதித்தாலும் செய்யாதீர்கள். ஒரு சிறு பள்ளம் போதும், கை நழுவிவிடும்.

ஏரோ பார் வைப்பவர்களுக்கு: கையை ஊன்றும் இரண்டு பேடுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 16 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள். உடம்புக்கும் மேற்கைக்கும் இடையிலான கோணம் 90-ஐ ஒட்டி இருக்கட்டும். முன்பக்கம் குனியும்போது இடுப்புக் கோணம் மடங்கி, தொடை வயிற்றில் இடிக்கும். அதனால் சேடிலை 1 முதல் 2 சென்டிமீட்டர் முன்னே தள்ளி, சில மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் பாரை மட்டும் இறக்கினால் பத்தாவது நிமிடத்தில் வாட் விழும். பலர் இதைக் கால் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிளாம்ப் போல்ட்டை அதில் அச்சிட்ட டார்க் அளவுக்கு, பெரும்பாலும் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்குங்கள். கார்பன் ஹேண்டில்பார் என்றால் அதில் கிளாம்ப் போடலாமா என்பதைத் தயாரிப்பாளர் கையேட்டில் பாருங்கள். முடுக்கிய பிறகு கிளாம்புக்கும் பாருக்கும் குறுக்கே ஒயிட்னரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். முதல் ஸ்பீட் பிரேக்கரில் பார் ஒரு டிகிரி சுழன்றாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். உள்ளூர் டைம் டிரையல்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான். நடுவழியில் பேட் கீழே சாய்ந்து, அந்த ஆள் மீதி தூரம் முழுக்க நிமிர்ந்தே ஓட்டுவார்.

நீங்கள் உட்காரும் விதத்தைப் பார்க்க, காற்றின் இழுவையை அளக்கும் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. ஒரு செல்போன் போதும். சாலையோரம் சக்கர உயரத்தில் போனை வைத்து, எதிரே வரும் உங்களை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக ஏறி உட்கார்ந்தபோது எடுக்காதீர்கள். பத்து நிமிடம் போட்டி வேகத்தில் ஓட்டிய பிறகு எடுக்க வேண்டும். களைத்த உடம்புதான் உண்மையைச் சொல்லும். அந்த வீடியோவை நிறுத்திப் பாருங்கள். தலை தோளுக்கு மேலே தனியாக, குடத்தை வைத்தது போல நிற்கிறதா? முழங்கால் வெளிப்பக்கம் போகிறதா? ஜெர்சியின் தோளில் மடிப்பு படபடக்கிறதா? கழுத்தைச் சுருக்கி, தோள்களைக் காதுப்பக்கம் கொண்டுவந்து, தலையை அவற்றுக்கு இடையே இறக்குங்கள், ஆமை தலையை இழுப்பது போல. முகத்துக்குக் கீழே தெரிகிற வெளி மறைந்துவிட்டால் சரி. இதற்குப் பணம் ஒரு பைசா ஆகாது. ஆனால் 30 நிமிடம் பிடித்து நிற்கப் பழக்கம் வேண்டும். முதல் வாரம் 3 நிமிடத்திலேயே கழுத்து கெஞ்சும். 5, 8, 12 நிமிடம் என்று கூட்டுங்கள். தலை இறங்கினாலும் கண் சாலையில் இருக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டி, நின்ற வண்டியின் பின்பக்கம் மோதியவர்கள் உண்டு. புருவத்துக்கு மேலே பார்க்கிற மாதிரி கண்ணை உயர்த்தி, 30 மீட்டர் முன்னே பார்த்துக்கொண்டே இருங்கள்.

இரண்டு நிலைகளில் எது வேகம் என்ற சந்தேகம் வந்தால் சோதித்துவிடலாம். விடியலுக்கு முன் காற்று அடங்கிய நேரத்தில், ஸ்பீட் பிரேக்கர் இல்லாத 2 கிலோமீட்டர் துண்டைப் பிடியுங்கள். முன்பின் விளக்கு கட்டாயம். 200 வாட்டை அசையாமல் பிடித்து, ஓடும் வேகத்திலேயே நுழைந்து லேப் பொத்தானை அழுத்தி, போவதையும் வருவதையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டுங்கள். பழைய நிலை, புது நிலை, மறுபடி புது நிலை, பழைய நிலை என்ற வரிசையில் நான்கு சுற்று. நடுவே காற்று கொஞ்சம் மாறினாலும் இந்த வரிசை அதைச் சமன் செய்யும். 0.03 வித்தியாசம் இருந்தால் 4 கிலோமீட்டருக்கு 13 விநாடி தெரியும். இரண்டு மூன்று விநாடி என்றால் எதுவும் முடிவு செய்ய வேண்டாம், அது சோதனையின் பிழைக்குள் அடங்கிவிடும். மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் இல்லாதவர்கள் 35 வேகத்துக்குக் கொண்டுபோய்ப் பெடலை நிறுத்தி, 20-க்கு இறங்கும்வரை எத்தனை மீட்டர் உருள்கிறது என்று அளக்கலாம். இரு திசையிலும் மும்மூன்று தடவை அளந்து சராசரி பாருங்கள்.

காற்றின் நாட்காட்டி

கோவளத்தைத் தாண்டித் திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று மாமல்லபுரம் போகும் சாலை ஏறத்தாழ வடக்கு தெற்கு. இது தெரிந்தாலே காற்றைப் படிக்கலாம். தமிழில் காற்றுக்கு அது வரும் திசையை வைத்தே பெயர்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை. தெற்கே போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். மார்ச் முதல் மே வரை தெற்கும் தென்கிழக்கும். போகும்போதே எதிர்க்காற்று, வெயில் ஏற ஏற அது வலுக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியலில் மேற்கிலிருந்து நிலக்காற்று, தெற்கே போகும்போது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். ரிசார்ட் மதில் சுவர் முடியும் இடத்திலும் சவுக்குத் தோப்பு இடைவெளி விடும் இடத்திலும் அது திடீரென்று பக்கவாட்டில் தள்ளும். 60 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான ரிம் வைத்திருக்கும் மெல்லிய உடம்புக்காரர்கள் அந்த மாதங்களில் முன்சக்கரத்தை மட்டுமாவது தாழ்ந்த ரிம்முக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹேண்டிலைப் பிடித்துச் சமாளிப்பதற்காக ஏரோ நிலையை விட்டு எழுந்துவிட்டால் ஆழமான ரிம் கொடுத்ததெல்லாம் போயிற்று.

எதிர்க்காற்றில் இழந்ததை முதுகுக்காற்றில் மீட்டுவிடலாம் என்ற எண்ணம் தவறு. மேலே சொன்ன அதே ஆள், அதே 233 வாட், மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று. எதிர்க்காற்றில் 30 கிலோமீட்டர் வேகம், 10 கிலோமீட்டருக்கு 19:58. முதுகுக்காற்றில் 42.5 வேகம், 14:07. மொத்தம் 34:05. காற்றே இல்லாத நாளைவிட 45 விநாடி நஷ்டம். காரணம் எளிது: எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் மாட்டிக்கொள்கிறீர்கள், முதுகுக்காற்று கொஞ்ச நேரமே உதவுகிறது.

ஆகவே பிபிக்கு முயல்பவர்கள் காற்று அடங்கிய நாளைத் தேடுங்கள். முடியாத நாளில் எதிர்க்காற்றுப் பாதியில் 10 வாட் கூட்டி 243, முதுகுக்காற்றுப் பாதியில் 14 குறைத்து 219 என்று பங்கிடுங்கள். மொத்த உழைப்பு அதேதான், நேரத்தில் ஐந்தாறு விநாடி லாபம். 20, 30 வாட் என்று கூட்டப் போனால் கால் செத்துவிடும்.

டயர், செயின், கியர்

டயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். தினசரி ஓட்டத்துக்கு வைத்திருக்கும் பஞ்சர் தாங்கும் கனத்த டயரை மாற்றிப் பந்தய டயர் போட்டால் 10 வாட்டுக்குக் குறையாமல் மிச்சம். மூன்று விநாடிக் கணக்குப்படி அது அரை நிமிடம். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) அல்லது டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) டியூப் இன்னும் சில வாட் தரும். 70 கிலோ ஆளுக்கு 28 மில்லிமீட்டர் டயரில் முன்னே 70, பின்னே 75 பிஎஸ்ஐ. 25 என்றால் 80, 85. 110, 120 என்று கல் மாதிரி அடித்தால் வேகம் என்பது பழைய நம்பிக்கை. கரடான தாரில் சக்கரம் துள்ளி, அந்தத் துள்ளலில் சக்தி போகும். ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) வைத்திருப்பவர்கள் 72 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. லேடெக்ஸ் டியூப் இரவு முழுக்கக் கசியும், எனவே காலையில் கேஜ் வைத்து மறுபடி அடிக்காமல் புறப்படாதீர்கள்.

கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றும் மணலும் செயினுக்கு எமன். போட்டிக்கு இரண்டு நாள் முன் செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயோ டிகிரீசரோ விட்டு அலசி, முழுக்கக் காயவைத்து மெழுகு போடுங்கள். எண்ணெய்தான் பழக்கம் என்றால் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். வெளியே மினுக்கும் எண்ணெய் மணலை ஒட்டவைக்க மட்டுமே உதவும்.

கியர் கணக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 50-க்கு 16 (முன்னே 50 பல், பின்னே 16 பல்) என்ற கியரில் 36 வேகம் வரும். எதிர்க்காற்றில் 30-க்கு இறங்கும்போது 50-க்கு 19. முதுகுக்காற்றில் 42-க்கு மேல் போகும்போது 50-க்கு 13. இந்த எல்லைக்குள் பற்கள் ஒவ்வொன்றாக ஏறும் கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) நல்லது. 13-க்கு அடுத்து 15, 17 என்று தாவுகிற கேசட்டில் கால் எப்போதும் ஒன்று கனக்கும் அல்லது துள்ளும்.

உடையில் ஒன்றே ஒன்று: படபடக்காதது. தொளதொள ஜெர்சியை மாற்றி உடம்போடு ஒட்டியதைப் போட்டாலே எளிதாக 5 முதல் 10 வாட். முதுகு எண் அட்டையை நான்கு ஊசியில் குத்தாதீர்கள், காற்று புகுந்து பலூன் ஆகும். எட்டு ஊசி குத்துங்கள். ஓட்டும் நிலையில் குனிந்து நிற்கும்போது இன்னொருவர் குத்திவிட்டால்தான் சுருக்கம் இல்லாமல் படியும்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாக

33 நிமிட முயற்சி என்பது ஒரு மணி நேரம் பிடிக்கக்கூடிய வாட்டுக்குச் சற்று மேலே ஓடுவது. எட்டு வாரம், வாரம் இரண்டு கடினமான நாள் போதும். ஒரு நாள் 20 நிமிடம் இரண்டு தடவை, எஃப்டிபியின் (அந்த ஒரு மணி நேர வாட்டின்) 95 முதல் 100 சதவீதத்தில். இன்னொரு நாள் 8 நிமிடம் நான்கு தடவை, 105 சதவீதத்தில், நடுவே 4 நிமிட ஓய்வு. மற்ற நாட்கள் உண்மையாகவே மெதுவாக. இரண்டு கடின நாளையும் போட்டி நிலையிலேயே ஓட்டுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து 250 வாட் மிதிக்கிற கால் குனிந்த நிலையில் 235 மட்டும் தரும். அந்தப் பள்ளத்தைப் பயிற்சியில்தான் நிரப்ப முடியும். கடைசி எட்டு நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள், தீவிரத்தைக் குறைக்காதீர்கள். ஓய்வு என்று நான்கு நாள் சைக்கிளைத் தொடாமல் இருந்தால் கால் மரத்துப்போகும்.

அன்று காலை

ஆறு மணி ஸ்டார்ட் என்றால் நான்கு மணிக்கு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், வயிற்றில் கிடக்கும். காபி பழக்கம் உள்ளவர்கள் ஐந்து மணிக்குக் குடியுங்கள். வழியில் ஜெல் எதுவும் தேவையில்லை. அரை மணி நேரத்துக்கான சர்க்கரை தசையிலேயே இருக்கிறது.

சென்னையில் அதைவிடப் பெரிய பிரச்சினை சூடு. 233 வாட் பெடலுக்குப் போகும்போது உடம்பு சுமார் 800 வாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியை விழுங்கிவிட்டு ஓட்டுவது போல. ஈரப்பதம் நிறைந்த காற்றில் வியர்வை காயாது, வழிந்தே போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் இழுவையில் ஐந்தாறு வாட் மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் 29 டிகிரி விடியலில் உடம்பு அதைவிட அதிகம் இழக்கிறது. எனவே ஸ்டார்ட்டுக்கு அரை மணி முன் ஒரு டம்ளர் நொறுக்கிய ஐஸ் கலந்த எலுமிச்சை ஜூஸ், உப்புப் போட்டு. ஒரு பழைய நைலான் சாக்ஸில் ஐஸ் நிரப்பி முடிச்சுப் போட்டுப் பிடரியில் வைத்துக்கொண்டே வார்ம்-அப் செய்யுங்கள், வரிசைக்குப் போகும்போது எடுத்துவிடுங்கள்.

வார்ம்-அப் 20 நிமிடம் போதும். 10 நிமிடம் மெதுவாக, பிறகு போட்டி வேகத்தில் ஒரு நிமிடம் மூன்று தடவை, கடைசியில் 8 விநாடிப் பாய்ச்சல் இரண்டு. ஸ்டார்ட்டுக்கு 7 நிமிடம் முன் முடித்துவிடுங்கள். இது முடிந்ததும் பவர் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த உடனே ஜீரோ செய்தால், உலோகம் சூடாக ஆக அளவு நகர்ந்து 5, 10 வாட் பொய் சொல்லும். சைக்கிள் கம்ப்யூட்டரில் ஆட்டோ பாஸ் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். யூ-டர்னில் வேகம் குறையும்போது கடிகாரம் நின்று, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பொய்யான பிபி இருக்கும். உங்கள் முறைக்கு 5 நிமிடம் முன் வரிசையில் நில்லுங்கள். ஒருவர் பின் ஒருவராக 30 விநாடி அல்லது ஒரு நிமிட இடைவெளியில் விடுவார்கள். நீங்கள் தாமதமாக வந்தாலும் கடிகாரம் உங்களுக்குக் கொடுத்த நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும்.

50-க்கு 19-ல் புறப்படுங்கள், வலது பெடல் மணி இரண்டு காட்டும் இடத்தில். 12 விநாடி எழுந்து மிதித்து, உட்கார்ந்து, நிலைக்குள் போய்விடுங்கள். இப்போதுதான் ஆபத்தான நேரம். முதல் மூன்று நிமிடம் கால் புதிது, இதயத் துடிப்பு இன்னும் ஏறவில்லை, 280 வாட் விளையாட்டாகத் தெரியும். துடிப்பு உண்மையைக் காட்ட இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், அதற்குள் கடன் ஏறியிருக்கும். காற்றில்லாத நாளில் முதல் மூன்று நிமிடம் 225-க்கு மேல் போகாதீர்கள். மெதுவாகப் போகிறோமோ என்ற பயம் வந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். பவர் மீட்டர் இல்லாதவர்கள் மூச்சைக் கவனியுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் மூன்று சொல் சேர்த்துச் சொல்ல முடிய வேண்டும். பதினைந்தாவதில் ஒரு சொல். இருபத்தைந்துக்குப் பிறகு பேச்சே வராது.

முன்னால் போகிறவரைப் பிடித்தால் வலப்பக்கம் அகலமாக விலகி ஒரே வீச்சில் தாண்டிவிடுங்கள். பின்னால் ஒட்டக் கூடாது. யு.சி.ஐ. விதியில் பக்கவாட்டில் 2 மீட்டர் விட வேண்டும், பிடிபட்டவர் ஒரு கிலோமீட்டருக்குள் 25 மீட்டர் பின்தங்கிவிட வேண்டும். உள்ளூர் விதி மாறலாம், படித்துவிட்டு வாருங்கள். பஸ், லாரி பின்னால் ஒட்டி வாங்கிய நேரம் உங்கள் நேரம் அல்ல. உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

பத்தாவது கிலோமீட்டர் யூ-டர்ன். நம் ஊரில் அது வலப்பக்கம் திரும்புவது. நடுத்தடுப்பின் இடைவெளியில் எப்போதும் மணல் படிந்திருக்கும், வார்ம்-அப்புக்கு முன் போய்ப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். 80 மீட்டர் முன்னே கையை பிரேக்குக்குக் கொண்டுவாருங்கள். வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். நேராக ஓடும்போதே, வளைவுக்கு முன்பே, பிரேக்கை முடித்துவிட வேண்டும், மணலில் முன்பிரேக் பிடித்தால் விழுவது நிச்சயம். பிரேக் பிடிக்கும்போதே 16-லிருந்து 21-க்கு கியரை இறக்குங்கள். இதை மறந்தால் வளைவு முடிந்ததும் கனத்த கியரில் அம்மி இழுப்பது போல எழ வேண்டியிருக்கும். வலது பெடல் மேலே, இடது பெடல் கீழே, உடம்பின் பாரம் இடது காலில். பார்வை போக வேண்டிய சாலையில். வெளியே வந்ததும் 10 விநாடி எழுந்து மிதித்து உடனே ஒடுங்குங்கள். காலி மைதானத்தில் இரண்டு கூம்பு வைத்து இருபது தடவை பழகினாலே மூன்று நான்கு விநாடி கைக்கு வரும். ஒரு வாட் கூடத் தேவைப்படாத விநாடிகள் அவை.

திரும்பிய பிறகு 12-லிருந்து 16 கிலோமீட்டர் வரைதான் பெரும்பாலானவர்கள் விநாடிகளைத் தவறவிடுவது. தொடக்கத்தின் உற்சாகமும் இல்லை, முடிவும் கண்ணில் படவில்லை. தலை மெல்ல உயரும், முழங்கை அகலும், கால் 10 வாட் விட்டுக்கொடுக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. இந்த நான்கு கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு 30 விநாடிக்கும் தலை, தோள், முழங்கை என்று மனதுக்குள் சொல்லி ஒடுக்குவது. கடைசி 2 கிலோமீட்டரில் மீதி இருப்பதைக் கொட்டுங்கள். கோட்டைத் தாண்டிய பிறகும் பெடலை உடனே நிறுத்தாமல் 10 நிமிடம் மெதுவாகச் சுழற்றுங்கள், வெயிலில் சட்டென்று நின்றால் தலை சுற்றும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராவா செயலியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, ஸ்டார்ட் நேரம், வெப்பநிலை, காற்றின் திசையும் வேகமும், டயர் அழுத்தம், சேடில் உயரம், சராசரி வாட், போன பாதிக்கும் வந்த பாதிக்கும் தனித்தனி நேரம். வாடைக்காலத்து 32:50 மே மாதத்து 32:40-ஐவிட நல்ல ஓட்டமாக இருக்கலாம், இந்தக் குறிப்பு இல்லாமல் அது தெரியாது. காற்றில்லாத நாளில் 15:50, 16:50 என்று பாதிகள் வந்திருந்தால் தொடக்கத்தில் எரித்துவிட்டீர்கள், உட்காரும் நிலையைத் தொட வேண்டாம், முதல் மூன்று நிமிடத்தை மட்டும் திருத்துங்கள். 16:20, 16:20 என்று வந்தும் நேரம் போதவில்லை என்றால், வேகத்தைப் பங்கிட்டதில் தவறில்லை. செல்போனைச் சக்கர உயரத்தில் வைத்து மறுபடி வீடியோ எடுங்கள், இந்தத் தடவை இருபத்தைந்தாவது நிமிடத்தில்.